குழலுக்குள் மாட்டிய கட்டை

அத்தை ஒடுக்கு எடுத்த துப்பாக்கி என்றால் குண்டு கிளம்பும் முன்பே பறவை மரியாதையாகக் கீழே விழுந்துவிடும். அவள் சுத்தியலைத் தூக்கினால் உலகத்துக் கோணல் எல்லாம், மனிதர்களுடையது உட்பட, தானாக நிமிர்ந்துகொள்ளும். அப்பேர்ப்பட்ட அத்தை அன்று மதியம் இரண்டு மணிக்குப் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டுப் பட்டறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

மாமா பக்கவாதத்தில் படுத்து எட்டு மாதம். துப்பாக்கிப் பட்டறையின் உரிமம் அவர் பெயரில். அதை அத்தை பெயருக்கு மாற்ற ஒரு சோதனை: அதிகாரி கொடுத்த பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியில், இடது குழலில் நசுங்கி விழுந்த ஒடுக்கை எடுத்துக் காட்ட வேண்டும். நாலு மணிக்கு வருவார். தேறாவிட்டால் பட்டறைக்குப் பூட்டு.

எண்ணெய் தடவிய பித்தளைக் கட்டையைக் குழலுக்குள் இறக்கி, ஒடுக்குக்கு நேராக நிறுத்தி, வெளியிலிருந்து மெல்லத் தட்ட வேண்டும். கொஞ்சம் நிமிர்ந்ததும் மயிரளவு பெரிய கட்டை. பிறகு அதைவிட மயிரளவு பெரியது. அவசரத்தில் அத்தை ஓர் அளவைத் தாண்டிவிட்டாள். உள்ளே போன கட்டை அங்கேயே குடியேறிவிட்டது.

"என்னடி, சத்தத்தையே காணோம்?" என்றார் மாமா உள்ளறையிலிருந்து.

"யோசிக்கிறேன்."

"ஐயோ, நீ யோசிச்சா வீடு தாங்காதே!"

"உங்களுக்கு வாய் மட்டும் படுக்கவே மாட்டேங்குது!" என்று கத்திவிட்டு, மணிக்கட்டைக் கடித்துக்கொண்டாள்.

கொதிநீர் ஊற்றினாள். மறுமுனையில் கம்பி விட்டு அடித்தாள். அசையவில்லை. மூன்றரை ஆகிவிட்டது. மிச்சம் இருந்தது தீ ஒன்றுதான். இரண்டு குழல்களையும் சேர்த்துப் பிடித்திருப்பது ஈயம். சூடு மிஞ்சினால் இளகிவிடும். தெரிந்தேதான் ஊதுவிளக்கைப் பற்றவைத்தாள். குழல் சூட்டில் விரிந்து, கட்டை வழுக்கி வெளியே விழுந்தது. ஒடுக்கு இருந்த சுவடே இல்லை.

அதிகாரி வந்தார். குழல்களைக் கழற்றிக் கயிற்றில் தொங்கவிட்டு விரலால் சுண்டினார். ஈயம் எங்கேயாவது விட்டிருந்தால் டொக்கென்று கேட்கும்.

கணீரென்று ஒலித்தது! அதிகாரி கைகுலுக்கினார். உள்ளே மாமா வாய்விட்டுச் சிரித்தார்.

நான் எழுதியதை இதுவரை படித்த அத்தை தாளைக் கீழே வைத்தாள்.

"எந்தக் காதுலடா கேட்டே, கணீர்னு?"

நான் தாளை எடுக்கப் போனேன். அத்தை விடவில்லை.

"டொக்குன்னுதானே கேட்டுச்சு. பூட்டு போட்டப்ப நீயும்தானே நின்னே? உங்க மாமா சிரிச்சாரா? செவுத்துப் பக்கம் மூஞ்சிய திருப்பிக்கிட்டவரு, ரெண்டு நாளா திரும்பல. அந்தக் கணீர அடிச்சிட்டு ஒழுங்கா எழுது."