பூவுக்குப் போட்ட ஏசி

ஷார்ஜா ரோலாவில் எங்கள் ரூமில் இருந்த ஏசி மெக்கானிக், கன்னியாகுமரிக் கடற்கரைக்காரர். ஆறடி உடம்பு, முறுக்கு மீசை. வேலைக்குப் போன வீட்டில் ஓர் ஆங்கிலேய அம்மா ஸ்னோடிராப் என்ற குளிர்நாட்டுப் பூவின் கிழங்கு ஒன்று கொடுத்திருந்தார்.

"இதுக்கு லண்டன்ல அடிபிடி மக்கா!" என்பார்.

கோடை முழுக்க, ஃபிரிஜ்ஜில் அவர் மீன் வைக்கும் தட்டில் அதை நட்ட தொட்டிதான் இருந்தது. காலையில் முகம் கழுவுமுன் மண்ணைத் தொட்டுப் பார்ப்பார்.

முளை விட்டதும் தொட்டியை ஏசிக்கு நேரே வைத்தார். ஜனவரியில் ஷார்ஜாவில் எவனாவது ஏசி போடுவானா? நாங்கள் போட்டோம், போர்வைக்குள் திட்டிக்கொண்டே.

ஒருநாள் பூத்தது. வெள்ளையாக, சுண்டுவிரல் நுனியளவு, தலை கவிழ்ந்து.

"இவ்வளவுதானா? தலையைத் தூக்காதா?" என்றேன்.

"தூக்காது மக்கா. நாமதான் குனியணும்."

போர்வையோடு எல்லோரும் தரையில் மண்டியிட்டுப் பார்த்தோம். வெகுநேரம் யாரும் எழுந்திருக்கவில்லை.

"அடுத்த வருசம் ரெண்டு பூக்கும்," என்றார்.

அந்த வார லீவு நாளிலேயே போய் ஆளுக்கொரு கம்பளி வாங்கிவந்தோம்.