ஞாயிற்றுக்கிழமை நுரை

அந்த நாற்றம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. சீழும் ரப்பரும் புகையிலையும் ஏலக்காயும் கலந்த நாற்றம். என் வீட்டுக்காரரின் வலது காலிலிருந்து வந்தது.

அவர் மலைமேல் ஏலத்தோட்டத்தில் கங்காணி. திங்கட்கிழமை காலையில் போடியில் ஜீப் ஏறினால் சனிக்கிழமை சாயங்காலம்தான் இறங்குவார். அட்டை கடிக்காமலிருக்கக் காலுறைக்குள் புகையிலைத் தூளைப் போட்டு, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க ஈரத்தில் நிற்பார். சர்க்கரை வியாதி வேறு. காய் எடுப்பு மும்முரமாக நடந்த மழையில் பூட்ஸ் உரசி, பெருவிரலுக்குக் கீழே ஒரு புண் வந்தது. மருந்துக்கடைக்காரர் ஹைட்ரஜன் பெராக்சைடு பாட்டிலைக் கொடுத்து, "ஊத்துனா நுரைக்கும், கிருமி சாகும்" என்றார்.

தோட்டத்துக்குப் போகிறவர்கள் வீட்டில் எண்ணெய்க் குளியல், துணி துவைப்பது, கறிக்குழம்பு எல்லாமே ஞாயிற்றுக்கிழமைதான். புண்ணையும் அதோடு சேர்த்துவிட்டோம். ஆறு நாள் பூட்ஸுக்குள் புழுங்கவிட்டு ஏழாம் நாள் கழுவினோம்.

மூக்கைப் பொத்தி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு ஊற்றுவேன். அந்தப் புண்ணை ஒரு தடவைகூட நான் நேராகப் பார்த்ததில்லை. ஓரக்கண்ணால் நுரையை மட்டும் பார்ப்பேன். உலையில் கஞ்சி பொங்குவதுபோல வெள்ளையாகப் பொங்கும். "எரியுதுடி, மெல்ல ஊத்து" என்று அவர் பல்லைக் கடிப்பார். நுரைக்கிறது, எரிகிறது, கிருமி ஒழிந்தது என்று எனக்கு நிம்மதி. அப்புறம் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுவேன். போதாமல் மறுபடி கழுவுவேன்.

நான் ஏலக்காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் தரம் பார்த்துக் காய் பொறுக்குகிறவள். நல்ல பச்சையைக் கண்டால் கை தானாகத் தனியே எடுத்துவைக்கும். ஐந்தாம் ஞாயிறு கட்டைப் பிரித்தபோது துணியில் அதே பச்சையில் சீழ், திட்டுத்திட்டாக. தின்ற சோறெல்லாம் வெளியே வந்துவிட்டது. அன்றைக்கு நுரையும் அதிகமாகப் பொங்கியது. நிறையச் சாகிறது போல என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அடுத்த வாரம் நடுவிலேயே காய்ச்சலோடு அவரை ஜீப்பில் இறக்கிக் கொண்டுவந்தார்கள். தேனியில் ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனோம். அங்கே சின்ன வயசு டாக்டரம்மா காலை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். மூக்குச் சுளிக்கவில்லை. நான் கதவோரமாக நின்றபடி, வாரம் ஒருநாள் பெராக்சைடு ஊற்றியதைச் சொன்னேன்.

"கிருமியைக் கொல்ல நம்ம ஒடம்பே இந்த மாதிரி மருந்தைக் கொஞ்சம் சுரக்கும்மா" என்றார். "கொஞ்சம் கிருமின்னா தாங்காது. நீங்க ஆறு நாள் விட்டதுல கூட்டம் சேர்ந்துருச்சு. இந்தக் கிருமிங்க ஒண்ணுக்கொண்ணு ரசாயனத்துல சேதி அனுப்பும். நாம நெறையப் பேர் இருக்கோம்னு தெரிஞ்சதும், எல்லாமாச் சேர்ந்து மருந்தை முறிக்கிற சரக்கை உண்டாக்கும்."

"அப்ப அந்த நுரை?"

"மருந்து முறியறதுதான் நுரை. கிருமியும் முறிக்கும், நம்ம ரத்தமும் சதையும் முறிக்கும். அதைப் பார்த்துக் கிருமி செத்துச்சுன்னு சொல்ல முடியாது."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கண்ணுக்குத் தெரியாத அற்பங்கள் என் வீட்டுக்காரர் சதைக்குள் உட்கார்ந்து, ஆள் சேர்த்து, பேசி முடிவெடுத்திருக்கின்றன. நான் வாரம் தவறாமல் வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

டாக்டர் ஓர் ஊசியால் அவர் பாதத்தில் குத்தினார். அவர் மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தார். அழுத்திக் குத்தியும் அசையவில்லை.

"எத்தனை நாளா உணர்ச்சி இல்ல?"

"புண்ணு வர்றதுக்கு முந்தியே" என்றார்.

டாக்டர் போகட்டும் என்று காத்திருந்து கேட்டேன். "அப்ப எரியுது எரியுதுன்னது?"

"எரியலைன்னு சொன்னா நீ பயந்துபோயி, என்னைய வீட்டுலயே வச்சுத் தெனமும் கழுவணும்பே" என்றார். "நீ மொகத்தைத் திருப்பிக்கிட்டு ஊத்துறதைப் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். வாரத்துல ஒருநா அந்தக் கருமம் ஒனக்குப் போதும்னு விட்டுட்டேன்."

காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தைத்த இடத்தை இப்போது தினமும் நான்தான் துடைத்துக் கட்டுகிறேன், நேராகப் பார்த்து. குமட்டினால் "குமட்டுதுங்க" என்று அவரிடமே சொல்லிவிடுகிறேன். அவரும் விரலால் தொட்டு, இந்த இடம் தெரியுது, இது தெரியலை என்று காட்டுகிறார்.