விழக் கூடாது என்று மன்றாடிய லாட்டரி

2006ஆம் ஆண்டு, மாசி மாதக் குளிர். மொன்ட்ரியாலில், டோர்வல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு தயாரித்து அனுப்பும் ஒரு சமையற்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரே மேசையில் நின்று தட்டு அடுக்கும் தமிழ்ப் பெண்கள் நாங்கள் ஐந்து பேர். கிழமைக்குக் கிழமை காசு சேர்த்து, அமெரிக்க மாநிலம் ஒன்றின் லாட்டரியை, சீட்டு வாங்கித் தரும் ஒரு இன்டர்நெட் தளத்தில் போடுவோம். கம்ப்யூட்டர் என் வீட்டில் மட்டும் இருந்ததால் போடும் பொறுப்பு என்னுடையது. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

ஆளுக்கொரு நம்பர், ஆறாவது எங்கள் மேசையின் நம்பர். ஒருநாளும் மாற்றியதில்லை. நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் ஐந்து பேரும் அந்த ஆறையும் ஒப்பிப்போம்.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தால் பாஸ்வேர்ட் மறந்துபோய்விட்டது. மாற்றப் போனேன், பிறந்த திகதியைக் கேட்டது. அங்கேதான் வந்தது வினை. எங்களில் பலரைப் போல எனக்கும் இரண்டு பிறந்தநாள். ஒன்று அம்மா பெற்ற நாள். மற்றது, இங்கே வரும்போது, ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரன் கள்ளப் பாஸ்போர்ட்டில் எழுதிய நாள். கனடாப் பேப்பர்களில் அதுவே நிலைத்துவிட்டது. இந்தத் தளத்துக்கு எதைக் கொடுத்தேன்? பேப்பரில் உள்ளதைப் போட்டேன், பிழை. உண்மையானதைப் போட்டேன், அதுவும் பிழை. நாளையும் மாதத்தையும் இடம் மாற்றிப் போட்டேன். கணக்கையே பூட்டிவிட்டு, திங்கட்கிழமை தொடர்புகொள்ளச் சொன்னது. புதுக் கணக்குத் திறக்கப் பார்த்தால் அதே வங்கிக் கார்டை ஏற்கவில்லை. குலுக்கலோ சனி இரவு.

சனி காலை வேலைக்குப் போனதும், எனக்குப் பக்கத்தில் நிற்கும் அக்கா கேட்டார்: "போட்டாச்சோ?"

"ஓம் அக்கா."

கம்ப்யூட்டர் தெரிந்தவள் என்ற பெயர் போய்விடுமே என்ற பயத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. அந்த அக்கா மன்னார்க்காரி. அவருடைய ஒரே மகள் இலங்கையில், மறுபடி சண்டை மூளத் தொடங்கிய ஊரில் அகப்பட்டிருந்தாள். அவளை வெளியே எடுக்கக் காசு வேண்டும். லாட்டரியை விட்டால் வேறு வழி தெரியவில்லை என்று அடிக்கடி சொல்வார்.

அன்று என் கை என்னிடம் இல்லை. ஒரு தட்டில் இரண்டு பாண் துண்டு, அடுத்ததில் ஒன்றுமில்லை. மேற்பார்வைக்காரி பிரெஞ்சில் கத்தினாள். எனக்கு ஒன்றும் ஏறவில்லை. இன்றைக்குப் பார்த்து விழுந்துவிட்டால்? போடவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? நானே சுருட்டிவிட்டேன் என்றல்லவா நினைப்பார்கள்? கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவினேன். திரும்பி வந்தால் மறுபடி அதே நினைப்பு.

பின்னேரம் தேவாலயத்தில் நடக்கும் தமிழ்ப் பூசைக்கு அக்காவும் நானும் சேர்ந்தே போனோம். முழங்காலில் நின்று, "அந்தோனியாரே, இந்த ஒரு முறை மட்டும் விழக் கூடாது" என்று மன்றாடினேன். பக்கத்தில் அக்காவும் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். காதைக் கொடுத்தேன். எங்கள் ஆறு நம்பர்கள்.

பூசை முடிந்ததும் மெழுகுதிரி கொளுத்தப் போனவர் திரும்பி வந்து மெதுவாகச் சொன்னார்: "உன்ர பேரிலயும் ஒண்டு கொளுத்தினனான். நீதானே எங்களுக்காகக் கஷ்டப்படுறாய்."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. பஸ் தரிப்பில் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். பஸ் வந்தது. அக்கா முன் சீட்டில் இருந்தார், நான் பின்னால் போனேன். தன் தரிப்பில் இறங்கும்போது திரும்பியும் பார்க்கவில்லை. ஏசியிருந்தால்கூட ஆறியிருப்பேன்.

ஞாயிறு காலை கம்ப்யூட்டரைப் போட எனக்குத் துணிவு வரவில்லை. அதைத் துடைத்தேன், கதிரையை நகர்த்தினேன், தேத்தண்ணி வைத்துக் குடிக்காமல் ஊற்றினேன். டெலிபோன் அடித்தது. அக்காதான். தன் தமையனின் மகனிடம் சொல்லி இன்டர்நெட்டில் பார்த்தாராம்.

"ஒண்டும் விழேல்ல. நீ அழாத."

பிறகு அவரே சொன்னார்: "நீ சொன்ன பிறகு, வீட்ட போய் நானும் விழக் கூடாதெண்டுதான் மன்றாடினனான். விழுந்திருந்தா மற்ற மூண்டு பேரும் உன்னை வாழ விடமாட்டினம்."

மகளை நினைத்து, "அப்ப பிள்ளை?" என்றேன்.

"அவளுக்கு வேற வழி பாப்பம்" என்று போனை வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை மற்ற மூவரிடமும் நானே சொன்னேன். இருவர் ஏசினார்கள். ஒருத்தி மாதக்கணக்கில் என்னோடு கதைக்கவில்லை. அதெல்லாம் எனக்கு வேண்டியதுதான். ஆனால் பெற்ற மகளை வெளியே எடுக்கத் தனக்குத் தெரிந்த ஒரே வழியை அந்தக் கிழமை நான் அடைத்துவிட்ட பிறகும், ஒருவர் எனக்காக முழங்காலில் நின்றாரே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு இருப்புக்கொள்வதில்லை.