நெல்லில் போட்ட எட்டு

பனிக்கட்டியின் மேல் சறுக்கி ஆடும் ஒரு சிறுமியின் கதை, கள்ளக்குறிச்சி அரிசி ஆலை ஒன்றின் களத்தில் உரக்கப் படிக்கப்பட்டதற்குச் சாலை மறியலே காரணம். இடஒதுக்கீடு கேட்டு எங்கள் ஆட்கள் புளியமரங்களை வெட்டி ரோட்டின் குறுக்கே சாய்த்திருந்தார்கள். அப்பாவும் கோடாலியோடு போயிருந்தார். பஸ் இல்லை, வாத்தியார்கள் வரவில்லை, பள்ளி மூடிக் கிடந்தது. பள்ளி நூலகத்தில் எடுத்திருந்த நாவலோடு நான், அம்மாவும் அக்காவும் வேலை பார்த்த களத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அக்கா ஆறாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். அதற்கு ஆணையும் இல்லை, மேல்முறையீடும் இல்லை. பெண்பிள்ளை, களத்துக்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான். லாரி ஓடாவிட்டாலும் அவித்த நெல் காய்ந்துதானே ஆகவேண்டும்? பெண்கள் வரிசையாக நடந்து காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருக்க, நான் படித்தேன்.

"கால்ல கத்திய கட்டிக்கினு ஆடுறாளா? இன்னாடா இது, பொண்ணா சண்டச் சேவலா?" என்றாள் பக்கத்து வீட்டு அத்தை.

"அம்மாம் ஐஸ கொட்டி வச்சா எறும்பு மொய்க்காதா?" என்றாள் இன்னொருத்தி. எங்களுக்குத் தெரிந்த ஐஸ், சைக்கிள் பெட்டியில் வரும் சேமியா ஐஸ்தான்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. போட்டியில் அந்தச் சிறுமி ஒற்றைக் காலால் எட்டு போட்டு, அதே கோட்டின்மேல் பிசகாமல் மறுபடியும் போகவேண்டும் என்ற பக்கத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னாள். மறுநாள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நெல்லில் ஓர் எட்டு போட்டாள்.

மேஸ்திரி பார்த்துவிட்டார். "இன்னாடி, கோலம் போட்டுக்கினு இருக்க? நடுவுல கிளறாம கெடக்குது பாரு. ஈரம் நின்னு நாத்தம் புடிச்சா உங்கம்மாவையும் சேத்து வூட்டுக்கு அனுப்பிடுவேன்."

அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. அக்கா எட்டின் மேல் எட்டாகப் பின்னிக்கொண்டே போனாள். களத்தில் அவள் கால் படாத இடம் இல்லை என்று ஆனபோது, மேஸ்திரி அங்குமிங்கும் காலால் குத்திப் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

நாவலின் விதிப்படி அதிகபட்ச மதிப்பெண் ஆறு. நான்தான் நடுவர். "ரெண்டாவது தடவ கோடு வெலகிடுச்சி. அஞ்சு."

"கூட ஒரு மார்க்கு போட்டா இன்னாடா கொறஞ்சிடும் உனக்கு?" என்றாள் அத்தை.

அந்தப் போராட்டத்தின் பலனாகப் பிற்காலத்தில் எனக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வேலை கிடைத்தது. ஓட்டுநர் உரிமத்துக்காக வண்டியில் எட்டு போட்டவர்கள் எத்தனையோ பேரைத் தேர்ச்சி என்று குறித்திருக்கிறேன். ஒருவர்கூட அக்காவைப் போல் போடவில்லை.

மறியல் முடிந்த அன்று அப்பா கை கொப்புளங்களோடு வீடு திரும்பினார். "எல்லாம் உங்க படிப்புக்காகத்தான்" என்றார் பெருமையாக.

"எனக்குமாப்பா?" என்றாள் அக்கா.

அப்பா தண்ணீர்ப் பானைப் பக்கம் திரும்பி, "சோறு போடு" என்றார்.

காலையில் மரங்களை அகற்றிவிட்டார்கள். முதல் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. அக்காவுக்கு நாவலில் இன்னும் ஓர் அத்தியாயம் பாக்கி.

"அந்தப் பொண்ணு ஜெயிச்சாளான்னு சொல்லட்டுமா?" என்றேன்.

"சொல்லாத. நானே படிச்சிக்கிறேன்."

"புக்க இன்னிக்கித் திருப்பிக் குடுக்கணும்க்கா. பள்ளிக்கூடத்துல படிக்கிறவங்களுக்குத்தான் தருவாங்க."

"அதுக்குத்தான் நானும் படிக்கிறேன்னு சொல்றேன்."

இவ்வளவு எளிய விதிகூட அவளுக்கு விளங்கவில்லையே என்று எண்ணியபடி நான் பஸ் ஏறினேன்.