கேட்டில் நின்றவள்

எங்கள் சாவுச் சங்கத்தில் தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி மாலிசேபோ வந்த ஞாயிற்றுக்கிழமை, அவளுக்கு நாங்கள் நாற்காலி போடவில்லை. மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றேதான். ஆலை கேட்டில் இத்தனை வருஷம் எங்களை வரிசையில் நிற்க வைத்தவள்தானே, இன்றைக்கு அவள் கொஞ்சம் நிற்கட்டும் என்று எனக்கு இருந்தது.

நாங்கள் எல்லையோர ஆலைப் பேட்டையான தெத்சானேயில் ஜீன்ஸ் தைக்கிற பெண்கள். நான் பாக்கெட் தைப்பேன். மாதாமாதம் காசு போட்டு, எங்களில் யார் செத்தாலும் சேர்ந்து அடக்கம் செய்வதுதான் எங்கள் சங்கம். சாயங்காலம் சங்கு ஊதினால் ஆண்களுக்கு ஒரு வரிசை, எங்களுக்கு ஒரு வரிசை. எங்கள் வரிசையின் முன்னால் மாலிசேபோ. போர்த்திய கம்பளியை எடு, கையைத் தூக்கு, தலைத்துணியை அவிழ், ஷூவைக் கழற்று. அக்குளிலிருந்து கணுக்கால் வரை இரண்டு கையாலும் தடவிப் பார்த்துவிட்டு, "போ" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்கு மேல் பேச்சில்லை. நூல்கண்டோ ஜிப்போ இடுப்பில் சுற்றிய துணியோ, எதுவும் அந்தக் கைக்குத் தப்பியதில்லை. மாட்டியவளுக்கு மறுநாள் வேலை கிடையாது. சங்கத் தலைவி மாசியாபத்தாவின் தங்கச்சிக்கு அப்படித்தான் போயிற்று. அவள் எடுத்தது உண்மைதான். அதற்காக அக்காக்காரிக்கு வயிறு எரியாமல் இருக்குமா?

குளிர்காலத்தில் மாலிசேபோ பக்கத்தில் ஒரு ஃபிளாஸ்க் இருக்கும். மூடியில் வெந்நீர் ஊற்றி, இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துச் சூடேற்றிக்கொண்டுதான் எங்களைத் தொடுவாள். பாருங்கள் கெட்டிக்காரத்தனத்தை என்போம். சில்லென்ற கை பட்டால் எல்லோரும்தான் துள்ளுவார்கள். சூடான கை பட்டால், எதையாவது ஒளித்து வைத்திருப்பவள் மட்டும்தான் துள்ளுவாள். யார் யார் துள்ளுகிறார்கள் என்று பிரித்துப் பார்க்கத்தான் இந்த ஏற்பாடு என்று எங்களுக்குள் முடிவாகியிருந்தது.

இன்னொன்றையும் வரிசையில் எல்லோரும் பார்த்து வைத்திருந்தோம். ஜிப் தைக்கும் புசெலெத்சோவின் முறை வந்தால் மட்டும் அந்தக் கை இடது மார்புப் பக்கம் போகாது. முதுகு, இடுப்பு, கால் எல்லாம் தடவும். அந்த இடத்தை மட்டும் தாண்டிவிடும். இதற்கு என்ன அர்த்தம்? சரக்கு அந்த வழியாகத்தான் வெளியே போகிறது, இரண்டு பேருக்கும் பங்கு இருக்கிறது. வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்?

ஆகவே அவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பழைய கம்பளியும் கையில் குடையுமாக எங்கள் முன்னால் வந்து நின்றபோது யாருக்கும் நல்ல எண்ணம் வரவில்லை.

"ஊர்ல வேற சங்கமே இல்லையா, ம்மே?" என்று மாசியாபத்தா கேட்டாள். வயதான பெண்களை நாங்கள் ம்மே என்றுதான் கூப்பிடுவோம். மாசியாபத்தா கூப்பிட்ட விதத்தில் மரியாதை கொஞ்சமும் இல்லை.

"எல்லா எடத்துலயும் கேட்டுட்டேன். ஆலைப் பொண்ணு இல்லாத சங்கம் தெத்சானேல எங்க இருக்கு?"

"கம்பெனிக்காரன் உளவு பாக்க அனுப்பினானா?"

"அவன் என்னை வீட்டுக்குத்தான் அனுப்பினான்."

யாரோ சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார்கள். மாலிசேபோ குடையை மாற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"எம் பொண்ணு லிசேபோ எல்லைக்கு அந்தாண்ட வீட்டு வேலை பாக்குறா. கிறிஸ்துமஸுக்கு வந்தா உண்டு. நான் செத்தா கூடாரம் போட ஆள் வேணும். பானை வேணும். பாட நாலு பேர் வேணும். என்னைக் குளிப்பாட்டி உடுத்திவிட பொம்பளைங்க வேணும். பிணக்கெடங்குப் பையன் எவனோ என்னைத் தொட்டுத் துணி சுத்திப் போடக்கூடாது. அது ஒண்ணுதான் பயம்."

பயம் என்று அவள் வாயால் கேட்டது அன்றைக்குத்தான். சங்கம் இல்லாத சாவை நானும் பார்த்திருக்கிறேன். பெட்டி குழிக்குள் இறங்கும்போது பாதிரியார் மட்டும் தனியாகப் பாடிக்கொண்டிருந்தார். இருந்தாலும், பயப்படுகிறவளை நம்ப வேண்டும் என்று சட்டமா என்ன?

மாசியாபத்தா கொஞ்ச நேரம் யோசித்தாள். அவள் யோசித்தாலே எங்கேயோ கணக்குப் போடுகிறாள் என்று பொருள். அப்போது எங்களுக்கு ஒரு மானக்கேடு நடந்துகொண்டிருந்தது. சாவு வீட்டில் ஆண்கள் மாட்டை அறுத்து, வேகவைத்து, பானைகளை எங்களிடம் ஒப்படைப்பார்கள். எங்கள் கையிலிருந்து பந்திக்குப் போவதற்குள் கறி பாதியாகிவிடும். கடைசியாக நடந்த சாவில் இறந்தவரின் அண்ணனுக்கே களியும் கீரையும்தான் கிடைத்தன. கம்பளிக்கடியில்தான் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். யார் கம்பளி? எனக்கு மூன்று பேர்மேல் சந்தேகம் இருந்தது. என்மேல் எத்தனை பேருக்கு இருந்ததோ.

"ஒண்ணு செய்யலாம்," என்றாள் மாசியாபத்தா. "அடுத்த சாவுல சமையல் கொட்டகை வாசல்ல நில்லுங்க. வெளிய போறவங்களைத் தடவிப் பாருங்க. அது ஒழுங்கா நடந்தா சேர்த்துக்கறதப் பத்திப் பேசுவோம்."

பிரமாதமான யோசனை என்று எனக்குத் தோன்றியது. எல்லோரும் தலையாட்டினோம். மாலிசேபோ ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கேட்டில் பார்ப்பது போலவேதான்.

"அத்தனை வருஷம் வாசல்ல நின்னேன். சாவு வீட்லயாவது உள்ள வந்து உக்கார விடுங்க."

"அப்ப முடியாதுங்கறீங்க?"

"முடியாது."

அவள் போன பிறகு எங்கள் வாய் ஓயவில்லை. நம்மிடம் கெஞ்ச வந்தவளுக்கு இவ்வளவு திமிரா? தடவிப் பார்க்கத் தெரியாதவளா? தன் ஆள் யாராவது மாட்டிக்கொள்வார்கள் என்றுதான் மறுக்கிறாள் என்று நான் சொன்னேன். எல்லோரும் புசெலெத்சோவைத் தேடித் திரும்பினோம். அவள் வந்திருக்கவில்லை. கொஞ்ச நாளாக வேலைக்கும் வரவில்லை, காசநோய் என்று பேச்சு. அதையும் நான் முழுசாக நம்பவில்லை.

எங்கள் ஊருக்கு ஜூலைதான் கடுங்குளிர். அந்தக் குளிரில் புசெலெத்சோ வீட்டிலேயே இறந்துபோனாள்.

வெள்ளிக்கிழமை அவளைக் குளிப்பாட்டி உடுத்த, மாசியாபத்தாவும் நானும் இன்னும் இரண்டு பேரும் பிணக்கிடங்குக்குப் போனோம். வாசலில் மாலிசேபோ நின்றுகொண்டிருந்தாள். தோளில் அதே ஃபிளாஸ்க்.

"இங்க என்ன வேலை?" என்றேன்.

"நான்தான் உடுத்திவிடணும்னு புசெலெத்சோ கேட்டுக்கிட்டா."

"செத்தவ வந்து சாட்சியா சொல்லப்போறா? நல்லா இருக்கு!"

"கெனேவே, வாய மூடு," என்று மாசியாபத்தா என்னை அதட்டினாள். மாலிசேபோமேல் இரக்கப்பட்டு அல்ல. உடன் வந்த இரண்டு பேரும் உள்ளே வரப் பயந்து பின்வாங்கிக்கொண்டிருந்தார்கள். கைக்கு ஆள் வேண்டியிருந்தது.

உள்ளே குளிர் எலும்பைத் தொட்டது. மாலிசேபோ மூடியில் வெந்நீரை ஊற்றினாள். இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"அவளுக்கு இனிமே என்ன சூடு, என்ன குளிர்?" என்றேன்.

"தெரியும். ஆனா சில்லுனு கையோட யாரையும் தொட்டுப் பழக்கமில்ல."

அவள் புசெலெத்சோவின் சட்டைப் பித்தான்களைக் கழற்றினாள். இடது மார்பைச் சுற்றி வெள்ளைத் துணிக்கட்டு. அதை ஈரப்படுத்தி, இழுக்காமல், மெதுவாக உரித்தாள். உள்ளே இருந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. ஒரு நாளில் வந்ததல்ல அது. வருஷக்கணக்கில் உள்ளே இருந்து தின்றிருக்கிறது. நான் தரையில் கிடந்த துணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் நெசவை எனக்கு எந்த இருட்டிலும் தெரியும். தினமும் என் மெஷினில் ஓடுகிற துணி.

"இது நம்ம பாக்கெட் துணி," என்றேன்.

"ஆமா."

"ஆலையிலேர்ந்து எடுத்தது."

"ஆமா. வெட்டுத் துண்டு. தெனம் ஒண்ணு கட்டிக்கிட்டுப் போவா."

"உங்களுக்குத் தெரியுமா?"

"கைக்குத் தெரியாதா?"

சரக்கு அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. நாங்கள் சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தோம். அந்த நிமிஷம் எனக்கு என்னையே பிடிக்கவில்லை. உடனே கோபமும் வந்தது.

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"சீக்குன்னு தெரிஞ்சா வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க, யார்கிட்டயும் சொல்லாதேன்னு அழுதா. ஆஸ்பத்திரிக்குப் போ, போன்னு தெனம் காதுல சொல்லுவேன். லீவு போட்டா சம்பளம் போயிடும்பா. கடைசியில போனா, லேட்டுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க." மாலிசேபோ துணியை நனைத்துப் பிழிந்தாள். "என் கை கண்டதையெல்லாம் வெளிய சொல்றதா இருந்தா ஒவ்வொருத்தி வீட்லயும் சண்டை வந்திருக்கும், கெனேவே. உன் விலா எலும்பு நல்லாயிடுச்சா?"

என் புருஷன் கை நீட்டிய விஷயம் என் அம்மாவுக்கே தெரியாது. மாசியாபத்தா என்னைப் பார்த்தாள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் மாற்றப் போனேன்.

திரும்பும்போது வேனில் அவள் பக்கத்தில் உட்கார இடம் அமைந்தது. எனக்கு ஒன்று கேட்டே ஆகவேண்டும் போலிருந்தது. "அந்த வேலை உங்களுக்குப் பிடிச்சிருந்துதா, ம்மே?"

"நான் மொகோட்லோங் மலையிலேர்ந்து நர்ஸாகணும்னு வந்தவ. எடம் கிடைக்கல. இடுப்புப் பட்டி தைக்க விட்டாங்க, ஊசி விரல்ல ஏறிடுச்சு. நீதான் ஒசரமா இருக்கியே, கேட்ல நில்லுன்னான் சூப்பர்வைசர். நின்னுட்டேன்."

"அது இல்ல. பிடிச்சுதா?"

"பிடிச்சுது. சொன்னா அடிக்க வருவீங்க. திருடினா பிடிச்சுக் கொடுத்தேன், அதுக்குத்தான் சம்பளம். மாசியாபத்தா தங்கச்சி முகம் இப்பவும் கண்ணுல நிக்குது, ஆனா நாளைக்கே அவ திருடினாலும் பிடிப்பேன். அதுல ஒண்ணும் சந்தோஷம் கிடையாது. வீட்டுக்குப் போனா எனக்குச் சுவரும் அடுப்பும்தான். சாயங்காலமானா உங்க எல்லாரையும் ஒரு தடவ தொட்டு அனுப்புவேன். யாரு இளைச்சிருக்கா, யாரு முழுகாம இருக்கா, எல்லாம் தெரியும். நீங்க யாரும் எம் மூஞ்சியப் பார்த்ததில்ல. ஆனா எனக்கு நீங்க அத்தனை பேரும் இருந்தீங்க."

முன் சீட்டில் மாசியாபத்தாவின் தலை அசையவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். இதையெல்லாம் எங்களை மசிய வைக்கத்தான் சொல்கிறாளோ என்று எனக்கு அப்போதும் ஒரு நினைப்பு ஓடியது. பிறவிக் குணம், என்ன செய்ய?

மறுநாள் அடக்கம். கூடாரம் நிறையக் கூட்டம். மாலிசேபோ வந்தாள், பழக்க தோஷம், கூடாரத்தின் வாசலிலேயே நின்றுவிட்டாள். மாசியாபத்தா சமையல் பக்கமிருந்து ஒரு நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தாள். சங்கத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்த வரிசையின் நடுவில் எல்லோரையும் நகரச் சொல்லி அதைப் போட்டாள்.

"உள்ள வாங்க, ம்மே. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா நாங்கதான் குளிப்பாட்டணும். வெந்நீர் வெச்சுக் கைய சூடு பண்ணிக்கறோம்."

மாலிசேபோ உட்கார்ந்தாள். முகத்தைக் கம்பளியில் புதைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். புசெலெத்சோவுக்காக என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

பந்தியில் அன்றைக்கும் கறி குறைந்தது. கடைசி வரிசைக்குக் களியும் கீரையும்தான். யார் என்று பார்க்க என் கண் கொட்டகையையே சுற்றிக்கொண்டிருந்தது. பெண்கள் கம்பளியை இறுக்கிப் போர்த்திக்கொண்டு ஒவ்வொருவராக எங்களைத் தாண்டிப் போனார்கள். மாலிசேபோவும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் ஓரிடத்தில் ஒரு நொடி நின்றதை நான் பார்த்துவிட்டேன். காதருகே குனிந்தேன்.

"யாருன்னு தெரிஞ்சுடுச்சா?"

"தெரிஞ்சுது."

"யாரு? எனக்கு மட்டும் சொல்லுங்க."

மடியிலிருந்த தட்டில் களியைக் கிள்ளிக் கீரையில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். மென்று விழுங்கும்வரை என்னைக் காக்க வைத்தாள்.

"நான் இப்ப வேலையில இல்லடி."