அயோடினின் இளக்கம்

எங்கள் வீட்டில் இளக்கம் என்பது கெட்ட வார்த்தை. அப்பா கோவில்பட்டியில் கடலைமிட்டாய் போடுகிறவர். பாகு இளக்கமாக இறங்கிவிட்டால் மிட்டாய் கட்டியாக நிற்காது. கையோடு ஒட்டும், கடைக்காரர்கள் திருப்பி அனுப்புவார்கள். அன்றைக்கு அவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கமாட்டோம். அப்படிப்பட்ட மனிதரிடமே போய் அதை நல்ல வார்த்தையாகச் சொன்ன ஒரே ஆள் எங்கள் அக்காதான்.

தொண்ணூறுகளின் நடுவில் அக்கா வேதியியலில் பட்டம் முடித்திருந்தாள். மேலே படிக்க மதுரைக்குப் போகவேண்டும். அப்பாவுக்கு மனம் வரவில்லை.

“இத்தன வருசமா என்னத்தட்டி படிச்ச? எனக்கு வெளங்குற மாதிரி ஒண்ணே ஒண்ணு சொல்லு. வெளங்கிட்டா அனுப்புதேன்.”

லேசான பாடமாகப் பார்த்து எடுத்திருக்கலாம். அவளோ தனக்குப் பிடித்ததைத்தான் எடுத்தாள். அணுவின் முனைவுறும் தன்மை. பக்கத்தில் ஒரு மின்சுமை வந்தால் அணுவின் எலக்ட்ரான் கூட்டம் எவ்வளவு சாய்ந்து கொடுக்கும் என்பது. அப்பாவின் புருவம் நெரிந்ததும், “அதாம்ப்பா, இளக்கம்” என்றாள்.

சுளகில் கடலைத்தோல் புடைத்துக்கொண்டிருந்த அத்தை, “வெளங்கிரும்” என்றாள்.

அக்கா என்னை இழுத்துத் தன் வயிற்றோடு இறுக்கிக்கொண்டாள். “நான் உட்கரு. இவ எலக்ட்ரான். மிட்டாய்தான் மின்சுமை. அத்தை, அதக் காட்டி இவளக் கூப்பிடுங்க.” அத்தை ஒரு துண்டை நீட்டினாள். துள்ளிப் பார்த்தேன், அசையமுடியவில்லை. “இது ஃபுளோரின். சின்ன அணு, பிடி இறுக்கம்.” பிறகு தாவணி முனையை என் கையில் கொடுத்துத் தள்ளி நிறுத்தினாள். மிட்டாய் மறுபடி நீண்டது. நான் சாய்ந்த சாய்வில் தாவணி கிழியப் பார்த்தது.

“இது அயோடின். தனிம அட்டவணையில கீழ போகப் போக அணு பெருசாகும், பிடி தளரும், இளக்கம் கூடும். இடமிருந்து வலமாப் போனா உட்கருவோட இழுப்பு கூடி இளக்கம் கொறையும்.”

“அப்ப அயோடின் தண்ணியா ஓடுமாக்கும்?”

“இல்லப்பா. ஃபுளோரின்தான் வாயு. அயோடின் கட்டி.”

அப்பா சிரித்துவிட்டார். “ஏட்டி, இளகுனது எப்படிக் கட்டியாகும்? வயசுபூரா பாகு காய்ச்சுதவன்ட்டயா சொல்லுத?”

“போச்சு, மதுர பஸ்ஸு கெளம்பிட்டு” என்றாள் அத்தை.

அக்காவின் முகம் வாடியது. ஆனால் அவள் விடவில்லை.

“இளகுறதாலதாம்ப்பா கட்டியாகுது! ரெண்டு அயோடின் அணு சேந்தது ஒரு மூலக்கூறு. அதுக்கும் இதே இளக்கம் உண்டு. ஒண்ணு சாஞ்சா பக்கத்துல உள்ளதும் அது கூடவே சாயும். சாஞ்சு சாஞ்சு ஒண்ணையொண்ணு புடிச்சுக்கிடும். ஃபுளோரின் லேசுல சாயாது. அதான் ஆளுக்கொரு பக்கமா காத்தாத் திரியுது...”

பேசப் பேச அவளுக்கு எதிரே இருப்பது அப்பா என்பதே மறந்துபோயிற்று. கைகள் காற்றில் அணுக்களை உருட்டின. குளோரின், புரோமின் என்று ஒவ்வொன்றாக வந்து நின்றன. நெற்றி வேர்த்து, கண் மின்ன, அவ்வளவு அழகாக அவளை நான் அதுவரை பார்த்ததில்லை. அப்பா அந்தக் கைகளைப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி, போயிட்டு வா” என்றார் நடுவிலேயே.

“இன்னும் முடிக்கலியேப்பா!”

“மிச்சத்த மதுரையில போயி முடி.”

அத்தை சுளகைக் கீழே வைத்தாள். “அண்ணே, நெசமாவே வெளங்கிட்டா?”

அப்பா “ம்” என்றபடி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

அவருக்கு அயோடின் விளங்கிவிட்டது என்றே நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.