பாடி என்னுது, லென்ஸ் அவனுது

மும்பையில் சிவ்ரி ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் டீசலும் கடல் சேறும் கலந்த ஒரு வாடை அடிக்கும். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கும் செல்வினுக்கும் அந்த வாடை வந்தால்தான் ஞாயிற்றுக்கிழமை தொடங்கியதாக அர்த்தம்...

அப்போது நான் தாராவியில் ஒரு லெதர் பேக் பட்டறையில் கட்டிங் வேலை பார்த்தேன். செல்வின் மாஹிம்காரன், பூர்வீகம் நாசரேத். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. இரண்டு பேருக்குமே பறவைப் பைத்தியம். முழுசாக ஒரு கேமரா வாங்க இரண்டு பேருக்குமே வக்கில்லை. அதனால் ஓர் ஏற்பாடு. பாடி நான் வாங்குவது, லென்ஸ் அவன் வாங்குவது.

எந்த லென்ஸ் என்பதில் ஒரு மாதம் சண்டை. எனக்கு 70-300 ஜூம் மேல் ஆசை.

"கிட்டயும் எடுக்கலாம், தூரத்துலயும் எடுக்கலாம்ல" என்றேன்.

"கிட்ட எடுக்க இது என்ன கல்யாண வீடா? பறவ ஒன்னயத் தேடி வந்து போஸ் குடுக்காதுல. நானூறுதான் வேணும், அவ்வளவுதான்."

பிடித்த பிடியில் நின்று, செகண்ட் ஹேண்டில் ஒரு 400 எம்.எம். லென்ஸ் வாங்கிவிட்டான். ஜூம் கிடையாது. கை நடுங்கினால் தாங்கிக்கொள்கிற வசதியும் கிடையாது. பட்டறையில் மிஞ்சிய தோலில் நான் ஒரு பை தைத்து, உள்ளே ரேஷன் அரிசியை நிரப்பினேன். சுவர்மேல் அதை வைத்து லென்ஸைச் சாய்த்தால் அசையாது.

ஞாயிறு காலை அவன் மாஹிமில் ஏறுவான். கிங்ஸ் சர்க்கிளில் நான் நிற்பேன். இரண்டாவது பெட்டி வாசலில் லென்ஸ் பையைத் தூக்கிக் காட்டிக்கொண்டே வருவான், என்னவோ கோப்பை ஜெயித்தவன் மாதிரி.

நானூறில் ஒரு தொல்லை உண்டு, வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். கண்ணை வைத்தால் வானத்தில் கைக்குட்டை அளவுதான் தெரியும். பறக்கிற பறவையை அதற்குள் தேடிப் பிடிப்பதற்குள் அது எதிர்க்கரை உரணுக்கே போய்ச் சேர்ந்துவிடும். அதனால் ஒருவன் எடுக்கும்போது மற்றவன் வெறும் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும்.

"இடப்பக்கம்... கப்பலுக்கு மேல... எறங்குது, எறங்குது... அடில!"

அரை மணி நேரம் அவன், அரை மணி நேரம் நான். கடல் நீர் ஏறிப் பூநாரைகள் கரைக்குக் கிட்டே வரும்போது யார் முறையோ, அவனுக்கு அன்றைக்கு அதிர்ஷ்டம்.

ஒரு ஞாயிறு, செல்வின் முறை. ஒரு பருந்து மீனைக் கவ்விக்கொண்டு வந்தது. முதலில் பார்த்தது நான், கத்தினது நான், கிளிக் அடித்தது அவன். அருமையான படம்... எங்கள் போட்டோ கிளப் போட்டியில் அதற்கு முதல் பரிசு கிடைத்தது. படத்தின் கீழே அவன் பெயர் மட்டும் இருந்தது.

"கிளிக் பண்ணுனது நான்தானல" என்றான்.

"பாத்தது எவம்ல? பாடி எவனுது?"

எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே... மறுநாளே என் பாடியைக் கொண்டுபோய்க் கடையில் எக்ஸ்சேஞ்சில் போட்டேன். தவணையில் வேறு கம்பெனி பாடியும், அதற்கான பெரிய ஜூம் ஒன்றும் வாங்கினேன். இந்தக் கம்பெனி லென்ஸ் அந்தக் கம்பெனி பாடியில் மாட்டாது. தெரியாமல் செய்யவில்லை. தெரிந்துதான் செய்தேன்.

மூன்று வாரம் கழித்து அவனே போன் பண்ணிக் கூப்பிட்டான். சிவ்ரி சுவரில் போய் உட்கார்ந்ததும் சொன்னான்.

"கிளப்புல சொல்லி ஒம்பேரையும் போட வச்சிட்டேன். போதுமால? பாடிய எடு."

எடுத்தேன். அவன் லென்ஸின் பின்மூடியைக் கழற்றிவிட்டு என் கையில் இருந்ததைப் பார்த்தான்.

"இதுல மாட்டாதேல..."

"ம்."

மூடியைத் திரும்பப் போட்டான். திட்டினால் நானும் திட்டலாம் என்று காத்திருந்தேன். அவன் திட்டவில்லை. காலை முழுக்க லென்ஸை மடியில் வைத்துக்கொண்டு, "வலப்பக்கம்... வருது, வருது... அடி" என்று எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தான்.

அதற்குப் பிறகும் நாலு ஞாயிறு வந்தான், லென்ஸ் இல்லாமல். வீட்டில் வைத்துவிட்டு வருகிறான் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் மஸ்கட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டான்.

இப்போது நான் செம்பூரில் இருக்கிறேன். கையில் மிரர்லெஸ் கேமரா, 600 வரை போகிற ஜூம். பறவையின் கண்ணைக் கேமராவே தேடிக் கட்டம் போட்டுவிடுகிறது. யாரும் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. தாணே பக்கம் படகில் போனால் ஆளுக்கொரு பீரங்கி லென்ஸ் வைத்திருக்கிறோம். ஒருத்தருக்கொருத்தர் பேச்சே கிடையாது. வீட்டுக்கு வந்து ஆயிரம் படத்தைத் தனியாக உட்கார்ந்து அழிக்கிறேன். கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஏன் மறைக்க வேண்டும்?

போன மாதம் கடையில் ஓர் அடாப்டர் பார்த்தேன். செல்வின் லென்ஸை என் பாடியில் மாட்டுகிற அடாப்டர். யோசிக்காமல் வாங்கிவிட்டேன். அவனுக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் அனுப்பினேன்.

"ஏல, ஒன் லென்ஸு இப்ப எங்கிட்ட மாட்டும்ல. லீவுல வரும்போது கொண்டா."

சாயங்காலம் பதில் வந்தது. சிரித்துக்கொண்டேதான் பேசியிருந்தான்.

"அதையால? நீ புதுசு வாங்கிக் காட்டுன மறுநாளே வித்துட்டேன். பாடி இல்லாம அத வச்சி நா என்ன செய்ய?"

மறுநாளே...

அப்படியென்றால் அந்த நாலு ஞாயிறும் அவனுக்கு எடுக்க ஒன்றுமே இல்லை. எனக்காகத்தான் ரயில் ஏறி வந்திருக்கிறான். நாலு ஞாயிற்றில் ஒரு தடவைகூட, "இந்தால, நீ ரெண்டு எடு" என்று என் கேமராவை நான் அவனிடம் நீட்டவில்லை.